வலப்பக்கத்துப் பாக்கெட்

பீளமேட்டில் கல்லூரிகளுக்குப் போகிற வழியில் மதிவதனியின் ஜெர்சி தைக்கிற கடை இருக்கிறது. மூன்று மெஷின், துணி வெட்ட ஒரு நீள மேசை, முதுகில் நம்பர் ஒட்டும் பிரஸ் ஒன்று. சூலூர்ப் பக்கம் தோட்டங்காட்டுக் கூலி வேலைக்குப் போன குடும்பத்தில் பிறந்தவள். திருப்பூர் பனியன் கம்பெனியில் பத்து வருசம் காலர் மாட்டிவிட்டு, முப்பது வயதில் சொந்தமாகக் கடை போட்டாள்.

பழைய டீம் போட்டோக்கள் அவளிடம் வரத் தொடங்கியது தற்செயலாகத்தான். தங்கள் காலத்து ஜெர்சி மாதிரியே வேண்டுமென்று பழைய மாணவர்கள் சிலர் இரண்டு ஹாக்கி போட்டோக்களைக் கொண்டுவந்தார்கள். இரண்டுமே ஒரே வருசத்தில் எடுத்தது என்றார்கள். அவள் சட்டைகளைப் பார்த்துவிட்டு, ஒரு போட்டோவைக் காட்டி, "இல்லீங்க, இதுல கோடு வெளுத்துக் கெடக்குது. நாலஞ்சு பேருக்குத் தோள்பட்டையே தொங்குது, வேற ஆளுக்குத் தச்சதைப் போட்டிருக்கறாங்க. இது அடுத்த வருசத்து டீமு" என்றாள். விசாரித்தால் அப்படியேதான் இருந்தது. அதற்கப்புறம், துணி எடுக்காதவர்களும் பழைய போட்டோவோடு வர ஆரம்பித்தார்கள். அவளுக்கும் அது பிடித்துப் போயிற்று.

போன தை மாதம் பெருந்துறையிலிருந்து பிரவின்குமார் வந்தார். அங்கே ஒரு வாலிபால் கிளப்பின் செயலாளர். கிளப்புக்கு ஐம்பது வருசம் ஆகிறது. முதல் டீமின் போட்டோவைப் பார்த்து அதே மாதிரி ஜெர்சி வேண்டும், விழாவுக்கு. போட்டோ ஒரு அட்டையில் ஒட்டியிருந்தது. நின்றவர்கள் நாலு பேர், உட்கார்ந்தவர்கள் நாலு பேர். கீழே, இடமிருந்து வலம் என்று போட்டு, மையில் பெயர்கள்.

"ஜெர்சி ஒரு பக்கம் இருக்கட்டுங்க. இதுல ஒரு வில்லங்கம்" என்றார் அவர்.

எட்டுப் பேரில் இப்போது இருப்பது இரண்டே பேர். பெருந்துறையில் ஆறுச்சாமி, மதுக்கரை சிமென்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சென்னியப்பன். நிற்கிற வரிசையில் வலது ஓரத்தில் சுருட்டை முடியும் முறுக்கு மீசையுமாக ஒரு வாட்டசாட்டமான ஆள். அட்டைப்படி அது சென்னியப்பன். இடது ஓரத்தில் காது இரண்டும் விடைத்த ஒரு ஒல்லிக்குச்சி. அது ஆறுச்சாமி. ஆனால் ஆறுச்சாமியோ, மீசைக்காரன் நான்தான் என்கிறார்.

"அவரு சம்சாரத்தைக் கேட்டீங்களா?"

"பூவாத்தா அம்மாவைக் கேட்டேனுங்க. 'கண்ணாலத்துக்கு முந்தி நான் எங்கே பாத்தேன், நான் வரையில மீசையுமில்லை, முடியுமில்லை'ங்கறாங்க. சென்னியப்பன் ஐயாவுக்குப் போன் போட்டா, 'அட்டையில என்ன எழுதியிருக்குதோ அதுதானுங்க'ன்னு வெச்சுப்போட்டாரு. ஆறுச்சாமி ஐயா இப்ப விழாவுக்கே வரமாட்டேங்கறாரு."

மதிவதனி போட்டோவை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். முகத்தை அவள் பார்க்கவில்லை. காலர், கை, பொத்தான் பட்டி என்று பார்த்துக்கொண்டே வந்தவள் நெஞ்சுப் பாக்கெட்டில் நின்றுவிட்டாள். எட்டுச் சட்டையிலும் பாக்கெட் போட்டிருப்பவரின் வலது பக்கம் இருந்தது. ஆண்கள் சட்டையில் பொத்தான் துளைகள் இடப்பக்கப் பட்டியில் இருக்கும். இதில் வலப்பக்கப் பட்டியில் இருந்தன.

எட்டையும் ஒரே தையல்காரர் மாற்றித் தைத்துவிட்டாரோ? அவசர ஆர்டரில் அவளே ஒரு தரம் அப்படிச் செய்து, பதினைந்து சட்டையைப் பிரித்திருக்கிறாள். அப்புறம் கைகளைப் பார்த்தாள். மூன்று பேர் வாட்ச் கட்டியிருந்தார்கள். மூன்றும் வலது கையில்.

"ஏனுங்க, தையல்காரன் தப்புப் பண்ணலாம். மூணு பேரு சேந்து வாட்சை மாத்திக் கட்டுவாங்களா?" என்றாள். "இந்தப் போட்டோவை எப்பவாச்சும் புதுசா பிரிண்ட் போட்டீங்களா?"

பிரவின்குமார் யோசித்தார். "முப்பது வருசத்துக்கு முந்தி, எங்க அப்பா செயலாளரா இருந்தப்பங்க. போட்டோவைக் கறையான் தின்னுபோட்டுது. ஸ்டுடியோவுல நெகட்டிவ் இருந்துச்சு. புதுசா போட்டு, பழைய அட்டையிலயே ஒட்டுனாங்க."

"நெகட்டிவைத் திருப்பி வெச்சுப் போட்டிருக்கறாங்க."

கம்ப்யூட்டரில் ஏற்றிப் படத்தைத் திருப்பினாள். பாக்கெட்டெல்லாம் இடப்பக்கம் வந்தது, வாட்ச் இடது கைக்குப் போனது. மீசைக்காரர் இடது ஓரத்தில், ஆறுச்சாமி என்ற பெயருக்கு நேர் மேலே வந்து நின்றார்.

"அட!" என்றார் பிரவின்குமார். "முப்பது வருசமா அந்த மனுசனைப் பொய்யனாக்கி வெச்சிருந்திருக்கறோம்!"

அன்று மாலையே இருவரும் பெருந்துறைக்குப் போனார்கள். ஆறுச்சாமி புதுப் படத்தைக் கையில் வாங்கி, பெயரில் விரல் வைத்து அப்படியே மேலே ஏற்றி, மீசையில் நிறுத்தினார். கண் கலங்கிவிட்டது. ஆனால் வாய் மட்டும், "நாஞ் சொன்னப்ப யாரு கேட்டீங்க? இந்த அம்மணி வந்து சொல்ல வேண்டியிருக்குது" என்றது. பூவாத்தாள் எட்டிப் பார்த்து, "இத்தனை அழகாவா இருந்தீங்க? எனக்குக் கட்டிக் குடுக்கையில மட்டும் ஏனுங்க இப்படி?" என்றார். சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரித்தார்.

விழாவன்று சென்னியப்பன் பேத்தி லோகப்பிரியாவோடு வந்தார். மேடையில் பெரிதாக்கி வைத்திருந்த படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ஆறுச்சாமி நேரே போய், "ஏப்பா, உனக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

"தெரியுங்க."

"அப்புறம்?"

"பேரம்பேத்தியெல்லாம் 'எங்க தாத்தா ஈரோ மாதிரி'ன்னாங்க. எவனுக்குச் சொல்ல மனசு வரும்? என்ற காதைப் பாருங்க!"

ஆறுச்சாமி கோபப்படத்தான் வந்தார். காதைப் பார்த்ததும் முடியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். சென்னியப்பனைக் கட்டிக்கொண்டு, "கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே, மூஞ்சிய!" என்றார். மைக் பக்கத்திலேயே இருந்ததால் அது மைதானம் முழுக்கக் கேட்டது.

மதிவதனி தைத்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டு இருவரும் கோர்ட்டுக்குள் இறங்கினார்கள். சென்னியப்பன் போட்ட முதல் சர்வ் நெட்டில் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது தாண்டியதும் கூட்டம் விசில் அடித்தது.

லோகப்பிரியா மதிவதனியிடம் தன் செல்போனைக் காட்டினாள். முகப்பில் இன்னும் அந்த மீசைக்காரர்தான் இருந்தார்.

"மாத்தலையா கண்ணு?"

"எதுக்குங்கக்கா? தாத்தாவோட ஃப்ரண்டுன்னு சொல்லிக்கறேன்" என்றாள் அவள்.