செம்பனைப் பாட்டுக்குப் பொருள்

என் மைத்துனரின் பணி ஓய்வு விருந்து நடந்தது சனிக்கிழமை. ஞாயிறு என்று குடும்பத்தில் சிலர் சொல்லி வருகிறார்கள். மறுநாள் காலைதான் நான் தேவாலயத்தில் வாசகம் வாசித்தேன். ஆகவே சனி.

ரெங்கத்துக்கு அருகே பாமாயிலுக்கான ஒரு செம்பனைத் தோட்டத்தில், குலை வெட்டுபவர்களுக்கு மண்டோராக, அதாவது மேற்பார்வையாளராக, இருந்தவர் அவர். மனைவியை இழந்தவர். ஓய்வுக்குப் பின் தோட்டத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும். சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய கெலாங் பாத்தாவில் இருக்கும் மகன், தன்னோடு வந்துவிடும்படி பல மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அவர் “பார்ப்போம்” என்பதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை. கேட்டுப் பயனில்லை என்று மகன் ஒரு பாட்டு எழுதினான். விருந்தில் கராவோக்கே இசைக்கு அவனே பாடினான்.

“செம்பனைக் காட்டில் உயர்ந்த மரம், அப்பா,
எந்தக் கையும் எட்டாத உயரம்.”

யாரும் கை தட்டவில்லை. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் குலை வெட்டியவர்கள். செம்பனைக்கு இருபத்தைந்து வயது நெருங்கினால், அரிவாள் கட்டிய கம்புக்குக் குலை எட்டாது. எட்டாத மரத்தை இயந்திரத்தால் சாய்த்துவிட்டு அங்கே கன்று நடுவார்கள்.

“அலமாக், மண்டோரே! மகன் உங்களுக்கு மறுநடவு போட்டுட்டான் லா!” என்றார் ஒருவர்.

இன்னொருவர் என் பக்கம் திரும்பினார். “நெறைய படிக்கிறவரு நீங்க. சொல்லுங்க, என்னா அர்த்தம்?”

மனிதனை மரமாகப் பாடுவது பழைய மரபு என்றும், உயரம் பெருமையைக் குறிக்கும் என்றும் சொன்னேன். கேட்டவர் அப்பளம் எடுக்கப் போய்விட்டார்.

மைத்துனர் தட்டைக் கீழே வைத்தார். “ஏன்டா, என்னை வெட்டவா போற?”

மகன் அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவன். “எட்டாத மரம் இங்க நிக்க முடியாதுன்னு தெரிஞ்சுதாம்பா எழுதுனேன். வெட்டல. வேரோட எடுத்துட்டுப் போறேன். எங்க பக்கம் ரோட்டோரம் பூரா வளர்ந்த பனைய லாரியில கொண்டாந்துதான நடுறாங்க?”

“பார்த்திருக்கேன். ஒவ்வொண்ணுக்கும் சுத்தி முட்டுக் கம்பு குடுத்திருக்கான்.”

“முட்டுக்கு நாங்க இருக்கோம்பா.”

“என்னைய அங்க ஊனி வெச்சிராதீங்க,” என்றாள் மருமகள், கோழிக் கறி பரிமாறிக்கொண்டே. “நான் விடியக்காலையில சிங்கப்பூர் பஸ்ஸுக்கு ஓடணும்.”

எல்லாரும் சிரித்தார்கள். மைத்துனர் சிரிக்கவில்லை.

“நட்டதுல பட்டுப்போன மரமும் இருக்குல்ல?”

“சிலது இருக்குப்பா.”

“அத என்ன பண்ணுனாங்க?”

“அப்படியே நிக்குது.”

“நான் பட்டுப்போற மாதிரி தெரிஞ்சா அப்படியே நிக்க விடக் கூடாது. ரெங்கத்துக்கே கொண்டாந்து விட்டுரணும்.”

“விட்டுர்றேன்பா.”

“அப்ப சரி, வர்றேன்,” என்றார். மருமகளிடம் கறி இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னார்.