ஏழாவது பெட்டி

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். நடந்தது நடந்ததுதான். கோகிலவாணி பேய் என்றாலே சிரிக்கிற ஆள். அதுவும் இது நடந்தது பட்டப்பகலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

தருமபுரிப் பக்கம் ஒரு கல்லூரி. ஏழு கணினிகளைக் கோத்து ஒன்றாக வேலை வாங்குகிற கிளஸ்டரைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பேருக்குத்தான் ஏழு. அவள் சேர்ந்த நாள் முதல் ஏழாவது எழுந்ததே இல்லை. ஆறை வைத்தே காலம் தள்ளினாள். மறுநாள் காலை செய்முறைத் தேர்வு. மாணவர்கள் நிரல் எழுதுகிற ஜூபிட்டர் நோட்புக்கைத் திறந்தால் பைதான் மொழி மட்டும் வந்தது; ஆர் மொழியும் வர வேண்டும். போன தேர்வில் சொதப்பியதற்கே முதல்வர் நிர்மலாதேவி கறாராகச் சொல்லிவிட்டார்.

"இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா, வேற ஆளப் பாத்துக்கறோம்மா."

மொரப்பூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, தனியாக உட்கார்ந்து மதியத்துக்குள் ஆரைப் போட்டு முடித்தாள். அவள் பெயரில் நுழைந்தால் ஆர் ஜம்மென்று ஓடியது. மாணவர் கணக்கில் நுழைந்தால்... ஆர் இல்லவே இல்லை. அழித்துவிட்டு மறுபடி போட்டாள். அதே கதை.

மணி 3.40.

ஏழு கணினிகளும் இருக்கிற பக்கத்து சர்வர் அறையில் டக்... டக்... மோதிரக் கையால் மேசையைத் தட்டுகிற சத்தம். எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. திரும்பி வந்தால், திரையில் அவள் அடிக்காத ஒரு வரி.

"உன் வூட்டுல சமைச்சு வெச்சுட்டு ஊரையே சாப்பிடக் கூப்பிடறயா?"

எவனோ விளையாடுகிறான் என்று ஆத்திரம் வந்தது. கிளஸ்டருக்குள் யார் யார் நுழைந்திருக்கிறார்கள் என்று பார்த்தாள். அவள் ஒருத்திதான். வரி வந்த இடம்... ஏழாவது கணினி.

அப்புறம்தான் உறைத்தது. ஆரைத் தன் சொந்த ஃபோல்டரில் போட்டிருக்கிறாள். பொது ஃபோல்டரில் போட்டால்தானே மற்றவர்களுக்கு வரும்!

உடனே மாற்றப் போனாள்.

ஏற்கெனவே மாற்றியிருந்தது.

டக்... டக்...

இப்போது அவள் நாற்காலிக்குப் பின்னால்.

திரும்பவில்லை. பையைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

மறுநாள் தேர்வு நன்றாகவே நடந்தது. அத்தனை பேருடைய நோட்புக்கும் ஏழாவதில்தான் ஓடியது. அவள் வேலையும் தப்பியது. ஆனாலும் மனசு ஆறவில்லை. ரிப்பேர் பார்க்க வந்த வீரமணியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது.

"அது மாதவராஜ் சார் திட்டற வார்த்தைம்மா. உனக்கு முன்ன இங்க இருந்தவரு. மோதிரத்தால மேசையத் தட்டிக்கிட்டே சொல்வாரு. இந்த ரூம்லயே நெஞ்சு வலி வந்து போயிட்டாரு."

பேசிக்கொண்டே ஏழாவது பெட்டியின் மூடியைக் கழற்றினார்.

"அன்னிக்கே இதுவும் எரிஞ்சு போச்சு. உள்ள இருந்ததெல்லாம் நான்தான் கழட்டி எடுத்துட்டுப் போனேன்."

வெறும் தகரம். ஒரு ஒயர்கூட இல்லை.

கோகிலவாணி தொட்டுப் பார்த்தாள்.

சூடாக இருந்தது.