ஷார்ஜாவில் மாதா சப்பரம்

இப்போது நினைத்தாலும் புல்லரிக்கிறது. ஷார்ஜாவில் எங்கள் தேவாலயத்தில் வேளாங்கண்ணி மாதா திருவிழா. சப்பரம் தூக்க வேண்டிய எங்கள் நால்வரில் ஒருவருக்குக் கடைசி நேரத்தில் டூட்டி போட்டுவிட்டார்கள். விரதம் இருந்தவர்தான் தோள் கொடுக்கலாம் என்பது எங்கள் வழக்கம். கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த என் ரூம்மேட் முருகேசன் முன்னால் வந்தான். "நான் தூக்குறேன்."

"நீ விரதம் இல்லையேடா!"

"ரூம்ல நீதான சமையல்? நவநாள் ஜெபம் தொடங்குன ஒன்பது நாளா சாம்பாரும் ரசமுமாத்தான போட்ட? உன்னால நானும் விரதம்தான்!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "மரியே வாழ்க!" என்று தூக்கினோம். ஊர்த் திருவிழாவில் மாரியம்மனைச் சுமந்து பழகிய தோள். அவன் பக்கம் சப்பரம் அசையவே இல்லை!

அத்தனை நாளும் நான் மட்டும் விரதம் இருந்ததாக நினைத்திருக்கிறேன். அன்று இரவு விரதம் முடிந்து ரூமில் கோழிக்குழம்பு. லெக் பீஸ் இரண்டும் முருகேசனுக்குத்தான்.