சட்டைப்பையில் ஒரு கியர் உருண்டை

ஜீப் நின்றதும் வேதநாயகத்தின் இடது கை கியர்க் கம்பியின் உச்சிக்குப் போய்விடுகிறது. அங்கிருக்கும் கறுப்பு உருண்டையை இடப்பக்கமாகத் திருகுகிறார். கழன்று வந்ததைத் தோள்துண்டில் துடைத்துக் காக்கிச் சட்டையின் பையில் போட்டுப் பித்தானை மாட்டிக்கொள்கிறார். அதன் பிறகுதான் இறங்குகிறார். சாவியை மட்டும் வண்டியிலேயே விட்டுவிடுகிறார். டீ குடிக்கப் போனாலும் இதே சடங்குதான், புதர்ப் பக்கம் ஒதுங்கப் போனாலும் இதே சடங்குதான்.

"சாவிய எவனும் போட்டுத் திருகலாம் சார். உருண்டை இல்லாம இவ ஒரு அடி நவுர மாட்டா" என்பார். இவள் என்பது ஜீப்.

தீவுக்கூட்டத்தின் வடக்கே மாயாபந்தரில், நான் குமாஸ்தாவாக இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு இருப்பது ஒரே ஜீப், ஒரே டிரைவர். தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவர் வேதநாயகம். தீவுக்கு வந்து இத்தனை வருஷத்தில் இந்தியும் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. சாலையை மறித்துக்கொண்டு வங்காளிக் குடியேறிகள் கோழிக்கூடையோடு நின்றால் ஹாரன் அடிக்கமாட்டார். தலையை வெளியே நீட்டி, "அரே பாயி, ஹட் ஜாவோ! சக்கரத்துல கால விட்டுட்டு அப்புறம் என்னைய ஏசாதீக!" என்று கத்துவார். அவர்களுக்குப் பாதி புரியும். அந்தப் பாதிக்கே விலகிவிடுவார்கள்.

சட்டைப்பையின் புடைப்பு ஊருக்குப் பழகிவிட்டது. புதிதாக வந்த கம்பவுண்டர் மட்டும் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தக் கட்டி எத்தனை நாளாக இருக்கிறது என்று விசாரித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முழந்தாளிட்டபோது பித்தான் அறுந்து, உருண்டை தரையில் விழுந்து பெண்கள் பக்கம் ஓடிவிட்டது. அவர் மனைவி ரோசலின் செபத்தை நிறுத்தாமலே அதைக் காலால் தடுத்து, எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். வெளியே வந்து திருப்பிக் கொடுக்கும்போது, "என்னைய ஒரு நாளாவது இப்படிப் பத்திரமாப் பாத்திருக்கீகளா?" என்று கேட்டார். வேதநாயகம் உருண்டையில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. முன்பிருந்த அதிகாரியின் மைத்துனர் ஒருவர் மெயின்லேண்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். வேதநாயகம் சாப்பிடப் போன நேரத்தில் ஜீப்பை எடுத்துப்போய் அலையாத்திச் சேற்றில் இறக்கிவிட்டார். மரம் இழுக்கும் யானையைக் கொண்டுவந்துதான் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. மைத்துனர் அடுத்த கப்பலில் ஊருக்குப் போய்விட்டார். திட்டு முழுவதும் வேதநாயகத்துக்கு. "வண்டிய விட்டுட்டு ஏம்யா போனேன்னு கேட்டாக சார். சோறு திங்கத்தானே போனேன்?" என்று இன்றைக்கும் சொல்கிறார். அன்று தொடங்கியது இந்தத் திருகல்.

உருண்டை இல்லாமலும் கியர் விழும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். வேடிக்கை என்னவென்றால் அதைத் தினமும் நிரூபித்துக் காட்டுபவரே வேதநாயகம்தான். போகிற இடமெல்லாம் கழற்றிக் கழற்றி மாட்டியதில் மரை தேய்ந்துவிட்டது. மச்சான் தாமஸிடம் வலைநூல் வாங்கிக் கம்பியில் சுற்றிப் பார்த்தார், கோயில் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றிப் பார்த்தார். ஒன்றும் நிற்கவில்லை. படகுத்துறை ஜெட்டியிலிருந்து மேடேறும்போது உருண்டை கையோடு வந்துவிடும். அதை உள்ளங்கையில் அடக்கிக்கொண்டு, மொட்டைக் கம்பியை இரண்டு விரலால் தள்ளி அடுத்த கியரைப் போட்டுவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் ஒருநாள், உருண்டை இல்லாமலும்தான் போகிறதே என்று வாய் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

"எனக்கு அடங்குவா சார். வேற ஆளுக்கு அடங்குவாளா?"

யாரும் திருட நினைக்காத பொருளைக் காவல் காத்தே தேய்த்துவிட்ட மனிதரிடம் மேற்கொண்டு என்ன பேசுவது? ஊரும் பேசவில்லை. ஒருவருக்குக் கப்பலில் வந்த மண்ணெண்ணெய், இன்னொருவருக்கு மாத்திரை, மூன்றாமவருக்கு மீன் என்று போகிற வழியில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் போகிறவர் அவர். அவருடைய நம்பிக்கையைக் காப்பாற்றுவது எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது.

சென்ற வருஷம் திருநாவுக்கரசு அதிகாரியாக வந்தார். கோயம்புத்தூர்க்காரர், வயது குறைவு, கார் ஓட்டத் தெரிந்தவர். அதே சமயத்தில் கேம்பல் பேயில் முன்னாள் ராணுவத்தினரைக் குடியேற்றிக்கொண்டிருந்தார்கள், அங்கே டிரைவர் வேண்டும் என்ற பேச்சும் வந்தது. ஓட்டத் தெரிந்த அதிகாரிக்கு டிரைவர் எதற்கு என்று டீக்கடையில் யாரோ சொல்லிவிட்டார்கள். ரோசலினின் உறவெல்லாம் மாயாபந்தரில். கேம்பல் பேயோ தீவுக்கூட்டத்தின் அந்தக் கோடி. "போறதுன்னா நீங்க மட்டும் போங்க" என்று அவர் சொல்லிவிட்டார். வேதநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

முதல் வாரமே திருநாவுக்கரசு, "நானே கொஞ்சம் ஓட்டிப் பாக்கறேனுங்க" என்றார். "எடுத்துக்கிடுங்க சாப்" என்று வேதநாயகம் பையைத் தடவியபடி ஒதுங்கி நின்றார். அதிகாரி ஏறி உட்கார்ந்தார், மொட்டைக் கம்பியைப் பார்த்தார், இறங்கிவிட்டார். "அதத் தொடறதுக்கே என்னமோ மாதிரி இருக்குதுங்க" என்று என்னிடம் சொன்னார். அன்று மதியம் வேதநாயகம் நன்றாகச் சாப்பிட்டார்.

போன மாதம் ஒரு பகல் நேரத்தில்தான் சோதனை வந்தது. துறைக்கு வெளியே கப்பல் நின்றது. மதராஸிலிருந்து புது உருண்டை கொண்டுவருவதாகச் சொல்லியிருந்த மாலுமியைப் பார்க்க வேதநாயகம் தாமஸின் தோணியில் போயிருந்தார். பழைய உருண்டை வழக்கம்போலப் பையில். ஜீப் ஜெட்டியில். அப்போது எங்கள் பியூன் கோவிந்தராஜ் ஓடிவந்தான். அவன் மனைவி சந்திரமதிக்குப் பிரசவ வலி, குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று துணைக்குப் போயிருந்த ரோசலின் சொல்லி அனுப்பியிருந்தார். திருநாவுக்கரசு கடலைப் பார்த்தார், தோணி எங்கேயோ தெரிந்தது. பிறகு ஏறி உட்கார்ந்து மொட்டைக் கம்பியை இறுக்கிப் பிடித்தார். ஜீப் எந்தப் பிணக்கும் இல்லாமல் கிளம்பியது.

தன் வண்டி தானில்லாமல் மேடேறிப் போவதை வேதநாயகம் தோணியிலிருந்தே பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு மூச்சிரைக்க வந்து சேர்ந்தவர், "புள்ளத்தாய்ச்சிக்கு என்னாச்சு?" என்றார்.

"பொம்பளப் புள்ள. ரெண்டும் நல்லாருக்கு" என்றார் ரோசலின். "சாப் சர்ருனு கொண்டாந்து சேத்துட்டாக."

சொன்ன பிறகுதான் ரோசலின் நாக்கைக் கடித்துக்கொண்டார். வேதநாயகம் படியில் உட்கார்ந்தார். கை பையின் மேல் இருந்தது. "புள்ள பொழச்சிச்சே, அது போதும்" என்றார். பிறகு என்னிடம் மட்டும், "அப்போ கேம்பல் பேதான் சார்" என்றார்.

உள்ளேயிருந்து கையை ஊதிக்கொண்டே வந்த திருநாவுக்கரசின் காதில் அது விழுந்துவிட்டது.

"என்ற ஜென்மத்துக்கும் இன்னொரு தடவ ஆகாதுங்க" என்றார். "உருண்ட இல்லாம ரெண்டாவது கியரே விழல. முதல் கியர்லயே உருட்டிட்டு வந்தேன். கேம்பல் பேக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லிடறேன். என்னங்க சார்?"

கடைசிக் கேள்வி எனக்கு. மூன்று கியரிலும் பின்சீட்டில் தூக்கித் தூக்கிப் போடப்பட்டு வந்தவன் நான். "நடந்து வந்திருந்தால் முன்னாடியே வந்திருக்கலாம்" என்றேன். ரோசலின் ஆஸ்பத்திரிக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேதநாயகம் எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அதிகாரியின் உள்ளங்கையையே பார்த்தார். மரை உரசித் தோல் வழன்று, மேலே டிங்சர் தடவியிருந்தது.

மாலுமி கொண்டுவந்தது லாரி உருண்டை, பொருந்தவில்லை. மறுநாள் டீக்கடை வாசலில் ஜீப் நின்றது. வேதநாயகம் பழைய உருண்டையைத் திருகிக் கழற்றினார், துடைத்தார், பையில் போட்டுப் பித்தானை மாட்டினார். ஆனால் இறங்கவில்லை. தோள்துண்டின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, மொட்டைக் கம்பியின் தலையில் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டார். அதன் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, டீ குடிக்கப் போனார்.