மாரீஸ்வரன் அடைத்த அடுப்பு

2021 ஏப்ரல் 26 — ரூ. 23,500
2021 ஜூன் 9 — ரூ. 1,12,000
2021 ஆகஸ்ட் 30 — ரூ. 1,68,000
2022 செப்டம்பர் 15 — இல்லை
2022 நவம்பர் 21 — ரூ. 28,000
2022 டிசம்பர் 19 — ரூ. 42,000
2023 மார்ச் 4 — ரூ. 5,500

முதல் மூன்று தொகைகளும் மாரீஸ்வரன் கொடுத்தவை. கடைசி மூன்றும் அதே பொருள்களை விற்று வந்தவை. பொருள்கள் பன்னிரண்டு கிராபிக்ஸ் கார்டுகள். வீட்டுக் கணினியில் விளையாட்டுப் படங்கள் தெளிவாக ஓடுவதற்காகச் செருகுவது. ஏறக்குறைய ஒரு செங்கல் நீளம், இரண்டு விசிறிகள். "மாரி கம்ப்யூட்டர் சூட்டுல நெஞ்சு வெந்து செத்தான்" என்று எங்கள் ஊர் ஆனைக்கரையில் இன்றும் பேசுகிறார்கள். அது தவறு. 2009 முதல் அவருடைய ஸ்டோரில் எடை எழுதியவன் என்ற முறையில் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

ஸ்டோர் என்றால் எங்கள் பக்கத்தில் ஏலக்காய் உலர்த்தும் கட்டடம். சொந்த ஸ்டோர் இல்லாத சிறு விவசாயிகள் பறித்த பச்சைக்காயை அங்கே கொண்டுவந்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து உலர்த்திப் போவார்கள். பச்சைக்காய் காத்திருக்காது. அன்றைக்கே தட்டில் ஏறாவிட்டால் மறுநாள் நிறம் போய்விடும். வெளிச்சுவரில் அடுப்பு, அதில் விறகு எரியும். சூடு ஓர் இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் சுற்றிவந்து புகைபோக்கிக்குப் போகும். குழாய் துருப்பிடித்தால் புகை உள்ளேயும் கசியும். மாரீஸ்வரன் தம் பதினான்காம் வயதில் அந்த அடுப்பின் முன் நின்றார். அப்போது ஸ்டோர் வேறொருவருடையது. பிறகு அவரே அதை வாங்கினார். நின்ற இடம் மாறவில்லை.

இருமல் நிற்காததால் 2021 ஜனவரியில் அவரும் நானும் மலையிறங்கி ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரே படத்தைப் பிடித்துக்கொண்டு நான் உடனிருந்தேன்.

"பீடி எத்தனை வருஷமா?" என்று டாக்டர் கேட்டார்.

"தொட்டதே இல்லைங்க சார்."

டாக்டர் அவருடைய கைகளைத் திருப்பிப் பார்த்தார். "அடுப்பு வேலையா?"

"ஏலக்காய் ஸ்டோருங்க."

"இனிமே புகை முன்னாடி நிக்காதீங்க. போன நுரையீரல் திரும்ப வராது. மிச்சம் இருக்கறதை வச்சு ரொம்ப நாள் ஓட்டலாம். திரும்ப நின்னீங்கன்னா ரெண்டு வருஷம்கூடச் சொல்ல மாட்டேன்."

குமுளிக்குத் திரும்பும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு இருமிக்கொண்டு வந்தவர், மேலே ஏறியதும் கேட்டார்: "கணக்கப்பிள்ளை, புகையில்லாத சூடு எங்க கிடைக்கும்?"

கரண்ட் ஹீட்டர் வைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். கூலியைவிடப் பில் அதிகம். டீசல் அதைவிட மோசம். அவருக்கு வேறு தொழில் தெரியாது. ஸ்டோரை விற்பதென்றாலும் அடுப்படியில் நிற்க ஆளுள்ளவன்தான் வாங்குவான். அந்த வருஷம் ஏலக்காய் விலை விழுந்து கிடந்ததால் அப்படியும் யாரும் வரவில்லை.

அவர் மனைவி ஆனந்தியின் தம்பி ஜெகன் குமுளியில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். எடையைப் பதிவதற்கென்று ஒரு பழைய கணினியை ஸ்டோரில் கொண்டுவந்து வைத்திருந்தான். அதில் நான் ஒரு எடையும் பதியவில்லை. ஏப்ரல் கடைசியில் முதல் கார்டை மாரீஸ்வரனின் பணத்தில் வாங்கி அதில் செருகி, இரவும் பகலும் ஓடவிட்டான். மாரீஸ்வரன் கணினியின் பின்னால் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இது என்னடா மாப்ள பண்ணுது?"

"கணக்குப் போடுது மச்சான். உலகத்துல எவன் எவனோ கம்ப்யூட்டர் காசு அனுப்புறான்ல, அதைச் சரிபாக்குற கணக்கு. லட்சக்கணக்குல மிசினு போட்டி போட்டுப் போடுது. ஈதர்னு ஒரு காசு. நம்ம மிசினும் கூட்டத்துல சேந்து போட்டா, போட்ட அளவுக்குப் பங்கு வரும்."

"கரண்ட் பில்லு?"

"பங்குல மூணுல ஒண்ணு போதும்."

"அப்ப இந்தச் சூடு?"

"அது வேஸ்ட்டு மச்சான். அவனவன் அதை விரட்ட ஏசி போடுறான்."

மாரீஸ்வரன் கையை எடுக்கவில்லை. "காசை நீ வேணும்னா வச்சுக்கடா. எனக்கு அந்த வேஸ்ட்டைக் குடு."

தம் பேரிலிருந்த நாற்பது சென்ட் ஏலத்தோட்டத்தை விற்று மற்ற பதினொரு கார்டுகளையும் வாங்கினார். கரண்ட் ஆபீஸில் எழுதிக்கொடுத்து, கட்டணம் கட்டி, கூடுதல் லோடு வாங்கினார். திருட்டுக் கரண்ட் என்று சிலர் சொல்வதும் தவறு. பலகையால் ஓர் அலமாரி செய்தார். அதன் அடியில் அலுமினியச் சட்டத்தில் கார்டுகள், மேலே கம்பிவலைத் தட்டுகள், உச்சியில் ஈரக்காற்று வெளியேற ஒரு விசிறி. கார்டுகளைக் கீழே வைத்தது அவருடைய யோசனை. ஜெகன் மேலே வைக்கச் சொன்னான். மேலே வைத்திருந்தால் காய் விடும் ஈரத்தில் ஒரு மாதத்தில் எல்லாம் போயிருக்கும். ஏலப்பூவின் காம்புத் தூசி விசிறிகளில் அடைந்துகொள்ளும். அதைத் தினமும் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுவார்.

அடுப்பில் ஒரு தடவைக்கு முந்நூறு கிலோ பச்சைக்காய் ஏறும். அலமாரியில் நாற்பதுதான். அதுவும் அடுப்பில் ஒரு பகலும் இரவும் பிடிப்பது இதில் ஒன்றேகால் நாள் பிடித்தது. ஆனால் மெல்லிய சூட்டில் உலர்ந்த காய் கிளிப்பச்சையாக வந்தது. நிறத்துக்கு ஏலத்தில் விலை கூடும். கம்பம்மெட்டிலிருந்துகூட ஜீப்பில் காய் வந்தது. இடமில்லாமல் திருப்பி அனுப்பினோம். குறைந்த கூலியைக் கார்டுகள் ஈடுசெய்தன: எல்லாமாக நாளொன்றுக்குச் சராசரி ஆயிரத்து முந்நூறு ரூபாய், கரண்டுக்கு நானூறு.

2021 செப்டம்பர் முதல் வாரத்தில் அடுப்பின் வாயைச் செங்கல் வைத்து அடைத்தார். சாந்து குழைத்துக் கொடுத்தது ஆனந்தி. "இனி இதைத் திறந்தீங்கன்னா நான் கம்பத்துக்கு எங்க வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள். "போயேன், சோறாவது ருசியா இருக்கும்" என்றார் அவர். நெடுநாளைக்குப் பிறகு அவர் சிரித்து, சிரித்த பின் இருமாமல் இருந்ததை அன்று பார்த்தேன்.

அந்த ஒரு வருஷம் உண்மை. முன்பெல்லாம் ஜீப் ரோட்டிலிருந்து ஸ்டோருக்கு ஏற நான்கு இடத்தில் உட்காருவார். 2022 சித்திரையில் தோளில் ஒரு மூட்டையோடு நிற்காமல் ஏறிவந்தார். பதினாறு கிலோ; எடை நான் போட்டது.

2022 செப்டம்பர் 15, வியாழக்கிழமை, நண்பகல் கடந்து பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஈதர் நின்றது. எந்தப் பழுதும் இல்லை. அந்த நாணயத்தை நடத்துகிறவர்கள் முறையை மாற்றிக்கொண்டார்கள். ஜெகன் மோட்டார் சைக்கிளில் வந்து சொன்னான்.

"வருது வருதுன்னு அஞ்சு வருஷமாச் சொல்லித் தள்ளித் தள்ளிப் போட்டாங்க மச்சான். இந்தத் தடவையும் அப்படித்தான்னு நெனச்சேன். இனிமே கணக்குப் போட மிசினே வேண்டாமாம். காசு வச்சிருக்கவனே சரிபாத்துக்குவானாம்."

"காசு இல்லாதவன்?"

ஜெகன் கணினியின் முன் உட்கார்ந்தான். வேறு நாணயங்களுக்கு மாற்றிப் பார்த்தான். பன்னிரண்டு கார்டுகளுக்கும் சேர்த்து நாளுக்கு அறுபது ரூபாய் வந்தது. விசிறிகள் முன்போலவே சுற்றின. சூடு மாறவில்லை. அதற்கு விலை மட்டும் வந்துவிட்டது.

அது பறிப்பு உச்சத்தில் இருக்கும் மாதம். ஒன்பது பேருக்கு மாரீஸ்வரன் வாக்குக் கொடுத்திருந்தார். அலமாரியைப் பன்னிரண்டு நாள் கைக்காசில் ஓட்டினார். பில் போகக் கூலியில் எதுவும் மிஞ்சவில்லை. நான் இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். செப்டம்பர் 27 அன்று உளியும் சுத்தியலும் எடுத்து அடுப்பின் வாயைத் திறந்தார். ஆனந்தி கம்பத்துக்குப் போகவில்லை. செங்கற்களை ஓரமாக அடுக்கினாள்.

அடுப்புக்கு வீரபாண்டி என்பவரைக் கூலிக்கு வைத்தார்கள். மாரீஸ்வரன் இருபதடி தள்ளி நின்று கைகாட்டுவார். அக்டோபர் 18 அன்று விறகு ஈரம் என்று வீரபாண்டி ஒரேயடியாகத் திணித்துவிட்டார். பற்றிக்கொண்டபோது சூடு எல்லை மீறிப்போனது. தட்டில் இருந்தது சுருளியம்மாளின் காய், பச்சையில் ஐம்பத்திரண்டு கிலோ. சுருளியம்மாள் கணவரை இழந்தவர். அவருக்கு அந்தத் தோட்டம் ஒன்றுதான். சாக்கை அவிழ்த்து ஒரு கை அள்ளிப் பார்த்தார்.

"ஏன்டா மாரி, நான் உன்கிட்ட ஏலக்காய் குடுத்தேனா, புளியங்கொட்டை குடுத்தேனா?"

"தப்பு என்மேலதான் அத்தை. விலை எவ்வளவு கொறையுதோ நான் தாரேன்."

"விலையைத் தருவே. அடுத்த தடவை நான் யார்கிட்டடா கொண்டுபோவேன்? நீ நின்னு உலத்துனா காய். வேற எவனோ நின்னா கரி."

வீரபாண்டியை மறுநாள் அனுப்பிவிட்டு, முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு மாரீஸ்வரன் அடுப்பின் முன் நின்றார்.

"ஊரு வையும், அவ்வளவுதானே? வையட்டுங்க" என்றாள் ஆனந்தி.

"வஞ்சாப் பரவாயில்லடி. காய் வராதே. காய் வராத ஸ்டோரை வச்சு என்ன செய்ய, கோழி அடைக்கவா?"

நவம்பர் 17 அன்று விறகுக் கட்டையோடு விழுந்தார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். வீட்டில் ஆக்சிஜன் மெசின் வைக்கச் சொன்னார்கள். அதன் முன்பணத்துக்கு நான்கு கார்டுகளும், மருந்துக்கும் வாடகைக்கும் ஏழு கார்டுகளும் விற்றுப்போயின. ஜெகன்தான் விற்றான். வாங்கியதில் நாலில் ஒரு பங்கு விலைதான் வந்தது. பன்னிரண்டாவது, முதன்முதலில் வாங்கியது, ஸ்டோரின் பழைய கணினியிலேயே, அடுப்புச் சுவருக்கு உள்பக்கம் கிடந்தது. அதை யாரும் நினைக்கவில்லை. சுருளியம்மாள் முதலானோரின் காய் தீரும்வரை ஆனந்தியும் நானும் அடுப்பை எரித்தோம்.

ஜெகன் ஒருநாள் கட்டிலருகே நின்றுகொண்டு, "நான் உங்களைக் கெடுத்துட்டேன் மச்சான்" என்றான்.

மாரீஸ்வரன் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு மெதுவாகச் சொன்னார்: "இல்லடா மாப்ள. ஒரு வருஷம் நல்லா மூச்சு விட்டேன்ல, அது நீ குடுத்தது." பிறகு மெசினைக் காட்டினார். "இதுலயும் விசிறி ஓடுது பாரு, அதே சத்தம். இதை வச்சு ஒரு கிலோ காய்கூட உலத்த முடியாது."

2023 பிப்ரவரி 19 அன்று காலமானார். வயது நாற்பத்தாறு.

ஆக்சிஜன் மெசினின் கடைசி மாத வாடகை பாக்கி இருந்தது. அப்போதுதான் ஆனந்திக்குப் பன்னிரண்டாவது கார்டு நினைவுக்கு வந்தது. ஜெகன் மாரீஸ்வரன் பேரில் கொடுத்திருந்த விளம்பரத்தைப் பார்த்து, பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து மோகனசுந்தரம் என்பவர் போனில் கேட்டார்: "ஏனுங்க, கார்டு நல்லா ஓடுமுங்களா?"

"ராப்பகலா ஓடுனதுங்க. மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா நல்லா ஓடும்" என்றாள் ஆனந்தி. நல்ல துணியால் துடைத்து, பழைய சேலையில் சுற்றி, பெட்டியில் வைத்து அனுப்பினோம்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பெட்டி அப்படியே திரும்பி வந்தது. சேலையும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. மேலே ஒரு கடிதம். ஆனந்தி என்னைப் படிக்கச் சொன்னாள்.

"மதிப்பிற்குரிய மாரீஸ்வரன் அவர்களுக்கு, கார்டில் பழுது எதுவும் இல்லை, நன்றாக ஓடுகிறது. ஆனால் சூடேறியதும் அறை முழுக்க விறகுப் புகை நாற்றம் வருகிறது. கழற்றி இரண்டு முறை சுத்தம் செய்தும் போகவில்லை. என் தாயார் பழனாத்தாளுக்கு மூச்சுக் கோளாறு உண்டு. இது ஓடினால் இருமல் தாங்கவில்லை. குறை உங்கள்மேல் இல்லை. வேறு வழியில்லாமல் திருப்பி அனுப்புகிறேன். பணத்தை முடிந்தபோது அனுப்பினால் போதும்."

ஆனந்தி கார்டை எடுத்து முகர்ந்து பார்த்தாள். திரும்பச் சேலையில் சுற்றினாள். அதன் பிறகு மாரீஸ்வரன் பேருக்குத் தபால் எதுவும் வரவில்லை. அந்தக் கடிதம் வந்தது 2023 மார்ச் 27, திங்கட்கிழமை.