ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு எர்த்துக் குழி

பவர் ஆம்ப்ளிஃபயர் எங்கள் வீட்டுக்கு வந்த நாளை நான் சந்தேகமில்லாமல் சொல்வேன். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து காசிமேட்டு விசைப்படகுகள் மறுபடி கடலுக்குப் போன வாரத்துச் சனிக்கிழமை. காலையில் வரவேண்டிய கடை வண்டி, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு மதியம்தான் தண்டையார்பேட்டையில் எங்கள் சந்துக்கு வந்து சேர்ந்தது. இரண்டு பேர் மூச்சுத் திணற இறக்கி வைத்தார்கள். கூட வந்த இன்ஜினியர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "சார் இல்லீங்களா?" என்றார்.

"எந்த சார்?" என்றேன்.

பாரிமுனையில் கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெட்டியின் விலையை யாரிடமும் சொல்லவில்லை. இரண்டைப் பற்றியும் கேட்பவர்களுக்கு ஒரே பதில் வைத்திருக்கிறேன்: என் இஷ்டம்.

பெட்டி கறுப்பு. இரண்டு பக்கமும் சூடு வெளியேறுவதற்கான அலுமினியத் தகடுகள் சீப்புப் பல் மாதிரி நிற்கும். முகப்பில் ஒரு சுவிட்ச், ஒரு சின்ன விளக்கு, அவ்வளவுதான். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி தனி. அது சின்னது, பல வருடங்களாக என்னிடம் இருக்கிறது. வந்திருப்பது அதற்குப் பின்னால் நின்று பலம் கொடுப்பது. பலம் என்றால் சத்தம் என்று நினைக்கிறார்கள். நான் காசு கொடுத்தது மெல்லிய ஒலிக்காக. அன்று முதலில் போட்டது, மனப்பாடமாகும் அளவுக்குக் கேட்டுத் தேய்த்த ஒரு நாகசுர இசைத்தட்டு. பக்கத்து அறையில் பேசினால் காதில் விழுகிற அளவுக்குத்தான் வைத்தேன். ஊதுவதற்கு முன் வித்வான் மூச்சிழுப்பது கேட்டது. எங்கோ ஒருவர் இருமினார். மாடியில் அண்ணன்தான் என்று நினைத்து நிமிர்ந்தேன். இருமல் இசைத்தட்டுக்குள்ளே இருந்தது. இத்தனை வருடமும் அந்த மனிதர் அங்கே உட்கார்ந்து இருமிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

இன்ஜினியர் பெட்டியைத் தொட்டவர் சுள்ளென்று கையை இழுத்துக்கொண்டார். மீட்டரை எடுத்து பிளக்பாயிண்டில் வைத்துப் பார்த்தார்.

"பேருக்குத்தான் மேடம் எர்த் இருக்கு, உள்ளே எதுலயும் சேரல. இப்படியே விட்டா கம்பெனி வாரண்டி கிடையாது. உப்புக்காத்து வேற. இதெல்லாம் சிட்டிக்குத் தெக்கே இருக்கற பெரிய வீடுகளை மனசுல வெச்சு செஞ்சது. ஒரு மாசத்துக்குள்ள சொன்னீங்கன்னா வண்டி அனுப்பித் திருப்பி எடுத்துக்கறோம்."

"எர்த் போட்டுட்டா?"

"போட்டா சரி. ஆனா எங்க போடுவீங்க?"

கேள்வியில் நியாயம் இருந்தது. எங்கள் சந்தில் சுவரோடு சுவர் ஒட்டித்தான் வீடு. எர்த்துக் குழி தோண்ட மண் தெரிகிற ஒரே இடம் வாசல். வாசல் எல்லாருக்கும் பொது. அங்கே ஒரு கல்லைப் புரட்டுவதென்றாலும் கோயில் கமிட்டித் தலைவரிடம் சொல்ல வேண்டும். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். நான் அவரைத் தேடிப் போகுமுன், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரே நாலு பேரோடு வந்து நின்றார்.

விஷயம், கோயிலில் ஆடிக் கூழ் ஊற்றுவது. அன்றைக்கு எங்கள் சந்தில் எதையும் வாடகைக்கு எடுப்பதில்லை, எடுத்தால் கேவலம். அண்டா ஒரு வீட்டிலிருந்து, ஏணி ஒரு வீட்டிலிருந்து, ஆம்ப்ளிஃபயர் யாரிடம் இருக்கிறதோ அவரிடமிருந்து. கொடுத்துக்கொண்டிருந்தவர் மணலிக்குக் குடிபோய்விட்டார். என் வீட்டில் ஆம்ப்ளிஃபயர் இறங்கியதைச் சந்தே பார்த்திருந்தது.

கமிட்டிப் பையன்களில் ஒருவன் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். "இன்னாக்கா, வால்யூம் திருகறது எங்க கீது?"

"அதுல கிடையாது."

"மைக்கு சொருவறது?"

"அதுவும் கிடையாது."

"அப்போ இன்னாதான்க்கா கீது அதுல? நல்லா அரைச்சிகிறானுங்க உன் தலையில மொளகா!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. தலைவர் மட்டும் காரியத்தில் கண்ணாக இருந்தார். "மைக்குக்கு நாங்க வேற இன்னாவாச்சும் பாத்துக்குறோம்மா. பெட்டிய ஒரு நாள் குடு. ரெண்டு ஹாரன மாட்டிகினா வியாசர்பாடி வரிக்கும் கேக்கும்."

"இது வீட்டுக்குள்ள கேக்கறதுக்குண்ணே. ஹாரன்ல மாட்டினா வீணாப்பூடும். தரமாட்டேன். ஆனா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்." குழி விஷயத்தைச் சொன்னேன்.

அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "ஆம்பு உன்க்கு மட்டும். குழி மட்டும் பொது எடத்துல. நல்லாகீதும்மா நாயம்!" பிறகு குரலைத் தணித்தார். "ஆம்ப குடு. குழிய நானே ஆள் வெச்சித் தோண்டித் தரேன்."

நேர்மையான பேரம்தான். மறுக்கிறவளுக்குத்தான் சங்கடம். ஒரு நாள்தானே என்று எனக்கும் தோன்றியது. ஆனால் நான் சம்பாதித்து வாங்கிய ஒரு பொருள், சந்துக்குப் பயன்பட்டால்தான் சந்தில் இருக்கலாம் என்கிறார் இவர். தெற்கே பெரிய வீட்டில் இருந்தால்தான் அதற்கு மரியாதை என்கிறார் இன்ஜினியர். இருவருக்கும் நடுவில் என் காதைப் பற்றி யாரும் பேசவில்லை.

"தரமாட்டேண்ணே. குழியும் வேணாம்," என்றேன்.

அவர்கள் போனதும் அண்ணன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். மாடி அவர் பங்கு, கீழ்வீடு என் பங்கு. "குட்த்துட்டுப் போயேன். இல்ல, கடைக்காரன்கிட்டயே திருப்பிக் குடு. நாளைக்கி ஒண்ணுன்னா இந்த ஜனம்தான் வரும், அந்தப் பொட்டியா வரும்?"

"ரெண்டும் இங்கேயே இருக்கும், பாரு," என்றேன்.

அடுத்த ஞாயிறு ஆள் கூப்பிட்டு, என் முற்றத்தில் துணி துவைக்கும் கல்லைப் பெயர்த்து, சிமெண்டுத் தரையை உடைக்கச் சொன்னேன். கடப்பாரைச் சத்தத்துக்கு அண்ணன் ஓடி வந்தார். "வூட்டயே பேக்குறியா? பைத்தியம் புட்ச்சிகிச்சா உன்க்கு?"

"என் பங்குலதான் தோண்டறேன். உன் தரைக்கு ஒண்ணும் ஆவாது."

இடுப்பாழம் போவதற்குள் தண்ணீர் ஊறிவிட்டது. கடல் பக்கம், வாயில் வைத்தால் கரிக்கும் தண்ணீர். தோண்டியவர் குழி கெட்டது என்று நிறுத்தினார். நான் தொடரச் சொன்னேன். எர்த்துக்கு ஈரமும் உப்பும்தான் வேண்டும். அவை இல்லாத ஊர்களில் குழியில் உப்பையும் கரியையும் கொட்டித் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்வார்கள் என்று படித்திருக்கிறேன். எங்களுக்கு அதைக் கடலே செய்து வைத்திருக்கிறது. செம்புத் தகட்டை இறக்கி, கம்பியைப் பிளக்பாயிண்டில் சேர்த்து, மேலே மூடி போட்டோம். கல்லைச் சுவரோரம் தள்ளிவைத்தேன். இப்போது துணி துவைக்கக் கொஞ்சம் சாய்ந்து நிற்க வேண்டியிருக்கிறது.

மாதம் முடிவதற்குள் இன்ஜினியர் வந்தார். திருப்பி எடுக்க வண்டியையும் கையோடு கொண்டுவந்திருந்தார். மீட்டரை வைத்தார், எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார். "எங்க ஷோரூம்லகூட இவ்ளோ நல்லா வராது மேடம்," என்றார். வாரண்டியில் கையெழுத்துப் போட்டார். வண்டி காலியாகத் திரும்பியது.

ஆடிக் கூழுக்கு, எங்கள் சந்தின் வழக்கத்தை மீறி, மைக் செட்டை வாடகைக்கு எடுத்தார்கள். அதற்குக் காரணம் நான்தான் என்று யாரும் மறைக்கவில்லை. ஹாரனைச் சரியாக என் ஜன்னலுக்கு எதிரே இருக்கிற கம்பத்தில் கட்டினார்கள். நான் ஜன்னலைச் சாத்தவில்லை. ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அண்டாவுக்குப் பின்னால் தலைவரே நின்று ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டா பாரு ஆம்புக்காரி! வூட்ட ஒட்ச்சாலும் ஒட்ப்பா, பொட்டிய மட்டும் குட்க்கமாட்டா. இன்னா நெஞ்சழுத்தம்மா உன்க்கு!"

"அடுத்த வருஷமும் குடுக்கமாட்டேண்ணே," என்றேன். "கூழ ஊத்துங்க."

அவர் ஒரு கரண்டி ஊற்றினார். நான் வாளியை எடுக்காமல் நீட்டியபடியே நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். இன்னொரு கரண்டி ஊற்றினார்.