இரண்டு கார்டும் இருக்கட்டும் என்றவர்

கடையில் போன் அடித்தால் நான் எடுக்கமாட்டேன் என்பது பாலா அண்ணனுக்குத் தெரியும். அதனால் அவர் கூப்பிடும்போது கொஞ்சம் அடிக்கவிட்டு வைத்துவிடுவார். பிறகு மறுபடியும் அடிப்பார். அப்படி அடித்தால் மட்டும் எடுப்பேன். அன்று காலை போன் நிற்காமல் அடித்தது. அடிப்பது அவர் இல்லை என்று தெரிந்தது. பக்கத்துக் காப்பிக் கடை ஆ மோய் ஆண்ட்டி சத்தம் பொறுக்காமல் ஈரக் கையோடு வந்து எடுத்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு ரிசீவரை என் கையில் வைத்தார்.

மறுமுனையில் அண்ணனுடைய அக்கா, நேசமக்கா. "தம்பி போயிட்டான் பிள்ளை. ஆஸ்பத்திரியிலை, விடியப்புறம்" என்றார். "லைனிலை நிக்கிறியோ?" என்று கேட்டார். "ம்" என்றேன். அவர் வைத்துவிட்டார்.

ஆ மோய் ஆண்ட்டி ஒரு கிளாஸ் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். கம்ப்யூட்டரை நான் ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தேன். அதன் இரண்டு திரைகளும், பச்சையும் கலரும், எரிந்துகொண்டிருந்தன. அணைக்க எழுந்து போக முடியவில்லை. காப்பி ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி அன்று கொடுக்கும் நினைவுப் புத்தகத்தில் கடையைப் பற்றி ஒருவர் எழுத வேண்டும் என்று நேசமக்கா கேட்டார். பேசச் சொன்னால் ஓடிப்போயிருப்பேன். எழுதத்தானே சொன்னார். பள்ளிக்கூடத்தில் பாரம் மூன்றோடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதம் முழுக்க உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது, இரண்டு வரி எழுதினால் ஒரு தடவை படுக்கிறேன்.

உங்களில் பலருக்கு அவரை எஸ்டேட் கணக்கெழுதிய கிராணியார் மகன் பாலேந்திரன் என்று தெரியும். எஸ்டேட் ஆபீசில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார் என்று தெரியும். சின்ன வயதிலேயே இதயத்தில் கோளாறு, முப்பதைத் தாண்டுவதே பெரிது என்று டாக்டர்கள் சொன்னதும் தெரியும். எனக்கு அவரைக் கோலசிலாங்கூர் டவுனில், ரேடியோ ரிப்பேர்க் கடைக்குப் பின்னால் ஓர் அறையில், மூடியைக் கழற்றிப்போட்ட ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால்தான் தெரியும். பையன்கள் விளையாட அதை வைத்திருந்தார், அதுதான் கடை. மூடியை ஏன் கழற்றிப் போட்டிருக்கிறார் என்று யாராவது கேட்டால், "எனக்கும் இதுக்கும் ஒரே வருத்தம். மூச்சு வாங்குது" என்பார். அண்ணன் வீட்டுப் பேச்சில் வருத்தம் என்றால் நோய். மேசை ஃபேன் ஒன்று இருந்தது. மத்தியானம் வரைக்கும் அது கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியிருக்கும். பிறகு அவர் பக்கம்.

வேலைக்குச் சேர்த்ததும் அவர் என்னை அறையின் முன்பக்கம்தான் உட்கார வைத்தார். யார் வந்தார்கள், அடுத்து யார் என்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. எனக்கு அதுவே வரவில்லை. ஒரு பெயரைச் சொல்வதற்குள் காது சூடாகிவிடும். பையன்கள் விடுவார்களா? "டேய், ஊமைக்கொட்டான் கூப்பிடுது, போடா" என்பான் ஒருவன். "கூப்பிடல லா, கொசு கத்துச்சு" என்பான் இன்னொருவன். ஒரு வாரம் போனேன். பிறகு ஈஜோக் போகும் பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்து, இனி போகமாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அப்பா எஸ்டேட்டில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டுகிறவர். "சரி, திங்கக்கெழம என்னோட வா. உதிரிப் பழம் பொறுக்கலாம். அங்க யாருகிட்டயும் பேச வேணாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னார்.

திங்கட்கிழமைக்கு முன்னாலேயே பாலா அண்ணன் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். பஸ் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் வீடு தூரம், அதிலும் மேடு. வந்தவர் படியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். உதடு நீலமாக இருந்தது. மூச்சு நிதானத்துக்கு வந்த பிறகு, "பிள்ளை, முன்னுக்கு இருக்க வேண்டாம். பின்னுக்கு ஒரு இடம் செய்யிறன்" என்றார். இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தார் என்று அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான். ஆனாலும் திரும்பிப் போனேன்.

அந்தக் கம்ப்யூட்டர் ஏதோ ஆபீசில் இருந்து வந்த பழைய மெஷின். அதற்குள் இருந்த, திரைக்குப் படம் அனுப்பும் கார்டு பச்சை எழுத்து மட்டும் காட்டும். விளையாட்டுக்கு அது பத்தாது என்று அந்த வாரம் கலர் கார்டு ஒன்றை வாங்கினார். பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதியதைச் செருகுவதுதான் வழக்கம் என்று கொடுத்தவர் சொன்னாராம். கரண்ட் பெட்டி சின்னது, இரண்டையும் தாங்காது என்றும் சொன்னாராம். அண்ணன் கேட்கவில்லை. "இரண்டும் இருக்கட்டும்" என்றார். ஒரே மெஷினில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டையும் செருகி, ஒன்றிலிருந்து பச்சைத் திரைக்கும் மற்றதிலிருந்து கலர்த் திரைக்கும் வயர் இழுத்தார். அறைக்கு நடுவில் ஒரு பலகைத் தடுப்பு அடித்தார். கலர்த் திரையும் ஜாய்ஸ்டிக்கும் பையன்கள் பக்கம். மெஷினும் கீபோர்டும் பச்சைத் திரையும் என் பக்கம்.

விளையாட்டையும் அவரே எழுதினார். ஓர் ஆறு, அதில் ஒரு படகு, எதிரே வரும் முதலைகள். ஆறு வெளிர் நீலம், முதலை ரோஜா நிறம். அந்தக் கார்டில் வேறு நிறம் கிடையாது. "ரோஸ் கலர் முதல எந்த ஊர்லண்ணே இருக்கு?" என்று பையன்கள் கேட்டால், "தஞ்சோங் காராங் பக்கம் போய்ப் பாருங்கோ" என்பார். படகை அவர்கள் ஓட்டினார்கள். முதலையை நான் விட்டேன். இது அவர்களுக்குத் தெரியாது. என்னுடைய பச்சைத் திரையில் ஆறு வெறும் எழுத்தாகத் தெரியும். படகு எங்கே இருக்கிறது என்று பார்த்து, அது எங்கே திரும்பும் என்று யோசித்து, ஒரு எண்ணை அழுத்தினால் அந்த இடத்தில் முதலை எழும்.

"நான் விடுறன்னு அவங்ககிட்ட சொல்லுவீங்களா அண்ணே?" என்று கேட்டேன். "நான் சொல்லமாட்டன். நீ சொல்ல நினைக்கிற நாளிலை நீயே சொல்லு" என்றார்.

சனிக்கிழமைகளில் சுங்கை புரோங் அரிசி ஆலையிலிருந்து தனா வருவான். அவன்தான் வாய்க்காரன். படகை எப்போதும் முதலில் இடப்பக்கம் ஒடிப்பான், அது எனக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. "டேய், இது கள்ள மெஷின் லா! நான் திரும்புறதுக்கு முன்னாலயே வாயத் தொறந்துகிட்டு நிக்குது!" என்று பலகையைத் தட்டுவான். "அண்ணே, இதுக்குள்ள என்னாத்த வச்சீங்க? பேயா?" அண்ணன் என் பக்கம் பார்க்காமல், "அது படிச்ச முதலை தம்பி" என்பார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். பள்ளிக்கூடத்தில் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தவள், இங்கே நாள் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரஸ்வதி பூஜை வந்தது. அப்பா அன்று கடைக்கு வந்தார். பெண் என்ன வேலை செய்கிறாள் என்று பார்த்துவிட்டு, பிடிக்கவில்லையென்றால் கையோடு கூட்டிப்போவதாக வீட்டில் சொல்லியிருந்தார். அண்ணன் தூசி துடைப்பதற்காகக் கலர் கார்டைக் கழற்றி, ஸ்க்ரூ டிரைவர்களோடு வாழையிலையில் வைத்திருந்தார். நான் பூ வைத்தேன். பொட்டு வைப்பதை அப்பா தானே செய்கிறேன் என்றார். வீட்டில் அரிவாளுக்கு வாய்ப்பக்கத்தில்தான் சந்தனம் வைப்பார், வேலை செய்வது அதுதானே. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் அடி விளிம்பில் தங்கநிறப் பற்கள் வரிசையாக இருக்கும், மெஷினுக்குள் செருகும் இடம். வாய் அதுதான் என்று முடிவுசெய்து, பல் பல்லாக, ஒன்று விடாமல், பக்தியோடு பூசிவிட்டார். நாங்கள் கற்பூரம் தேடிக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை. அண்ணனும் அலுப்பில் பார்க்காமலே செருகிவிட்டார்.

பச்சைத் திரை வந்தது. கலர்த் திரை கறுப்பாகவே நின்றது. பலகைக்கு அந்தப் பக்கம் பையன்கள் கத்த ஆரம்பித்தார்கள். அண்ணன் அணைத்துவிட்டுக் கார்டை வெளியே எடுத்தார். சந்தனம் மணத்தது. அப்பாவுக்கு விஷயம் புரிந்து முகம் செத்துவிட்டது. "ஐயையோ தம்பி, கெடுத்துட்டனே" என்றார்.

"இல்லை ஐயா, இருங்கோ. சாமிக்குப் பூசினது சரி. கரண்டுக்குத்தான் சந்தனம் ஆகாது." சிரிக்கப் போய் அண்ணனுக்கு இருமல் வந்தது. உட்கார்ந்துவிட்டார். பச்சைத் திரையைக் காட்டி, "அதுக்குத்தான் ரெண்டு. ஒண்டு படுத்தால் மற்றது சொல்லும், மெஷின் சாகேல்லை எண்டு" என்றார். அவர் கார்டை என்னிடம் நீட்டினார். பென்சில் அழிக்கும் ரப்பரால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தேன். இடுக்கில் ஒட்டியிருந்ததைப் பழைய பல்துலக்கியால் எடுத்தேன். அப்பா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். செருகிப் போட்டதும் ஆறு நீலமாக வந்தது. பையன்கள் விசிலடித்தார்கள்.

பிறகு அப்பாவை என் பக்கத்தில் ஒரு பெட்டியின் மேல் உட்கார வைத்தார் அண்ணன். தனா படகை இடப்பக்கம் ஒடித்தான். நான் எண்ணை அழுத்தினேன். பலகைக்கு அந்தப் பக்கம், "செத்தேன்! பூஜ அன்னிக்கும் விடமாட்டேங்குது லா இந்தப் பேயி!" என்று சத்தம் வந்தது. அப்பா என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மெதுவாக, "நீயா?" என்றார். நான் தலையாட்டினேன். "இதுக்குப் பேரு என்னா வேல தம்பி?" என்று அண்ணனைக் கேட்டார். "எதிராளி வேலை ஐயா" என்றார் அண்ணன். அப்பா, "வூட்ல வாயத் தொறக்காதுங்க" என்றார். அன்று அவர் தனியாகத்தான் பஸ் ஏறினார்.

அதற்குப் பிறகு அண்ணன் கடைக்கு வருவது குறைந்துகொண்டே போனது. ஆஸ்பத்திரி, வீடு, மறுபடி ஆஸ்பத்திரி. வந்தாலும் பாயை விரித்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்வார். கண்ணை மூடிக்கொண்டே, சத்தத்தை வைத்து, "இப்ப தனா செத்தான்" என்பார். சரியாக இருக்கும். சில நாள் வெயிலில் மெஷின் தானே அணைந்துவிடும். கரண்ட் பெட்டி சின்னது என்று கார்டு கொடுத்தவர் சொன்னது பொய்யில்லை. ஒரு கார்டை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "எதை எடுப்பாய்? உன்னையோ, அவங்களையோ?" என்றார். ஃபேனை மெஷின் பக்கம் திருப்பச் சொன்னார். அவருக்கு வேர்த்துக்கொண்டிருந்தது.

சாவு வீட்டுக் கூட்டம் ஓய்ந்த பிறகு ஒரு சனிக்கிழமை நேசமக்கா கடைக்கு வந்தார். "ஒரு ஆள் கம்ப்யூட்டரைக் கேக்கிறார் பிள்ளை, ஆபீசுக்கு. கலர் கார்டு தேவையில்லையாம், கழட்டிப்போட்டுத் தரட்டாம். எனக்கும் இதைக் கட்டியாள ஏலாது" என்றார். நான் சரி என்றேன். திங்கட்கிழமை உதிரிப் பழம் பொறுக்கப் போகலாம் என்று நினைத்தேன். அப்போது தனாவும் இன்னும் நாலைந்து பேரும் வாசலில் வந்து நின்றார்கள். விளையாடும் முகத்தோடு வரவில்லை. "அக்கா, கடைசியா ஒரு தடவ ஆடிட்டுப் போறோம்" என்று நேசமக்காவிடம் கேட்டான் தனா. "அண்ணன் போயிட்டாரு. இனிமே அந்த முதலைக்கு மூள இருக்காது. சும்மா, அவரு நெனப்புக்கு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என்னைப் பேய் என்றார்கள், கள்ள மெஷின் என்றார்கள். முதலையை எங்கிருந்தோ அண்ணன்தான் விடுகிறார் என்று நம்பி, மனசுக்குள் அவர்கள் அவரோடுதான் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பலகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். நேசமக்கா என் பக்கத்துப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். தனா படகை எடுத்தான். இடப்பக்கம் ஒடித்தான், அண்ணன் போன பிறகும் அதே இடப்பக்கம். சும்மா விட்டிருக்கலாம். என் விரல் கேட்கவில்லை. முதலை எழுந்தது.

இந்தத் தடவை யாரும் பலகையைத் தட்டவில்லை. ஒருவன் மெல்ல, "டேய்... அண்ணன்டா" என்றான்.

அதைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து பலகையைச் சுற்றிக்கொண்டு போனேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காது சூடாகிவிட்டது. "நாந்தான்" என்றேன். பத்தவில்லை என்று பட்டது. "அண்ணன் இல்ல. மொதல்லேருந்து நாந்தான்."

தனா வாயைத் திறந்துகொண்டு நின்றான். "என்னைய இத்தன நாளா முதல வாயில போட்டது நீயா?"

"நீ எப்பவும் எடப்பக்கந்தான் ஒடிக்கிற."

யாரோ சிரித்தார்கள். தனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடிப்பாவி" என்றான். திரும்பிப் போய் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தான். "போ, போயி உக்காரு. இந்தத் தடவ பாக்கலாம்."

நேசமக்கா எழுந்து வந்து பலகையோரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மெஷினைப் பார்த்தார். திறந்து கிடந்த அதன் வயிற்றுக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு கார்டுகளையும் பார்த்தார். "எனக்கு இதெல்லாம் சொல்லவேயில்லை அவன்" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்ப ரெண்டும் இருக்கட்டும்" என்றார். அவர் அண்ணனைப் போலவே சொன்னார் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது.

கடை நடக்கிறது. மெஷின் வெயிலில் இன்னும் அணைகிறது, ஃபேன் இப்போது நாள் முழுக்க அதன் பக்கமே இருக்கிறது. சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறேன். போனை இன்னும் எடுப்பதில்லை, ஆ மோய் ஆண்ட்டிதான் எடுக்கிறார். அண்ணனுடையது என்று சொல்லிக்கொள்ள என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை. பாயை நேசமக்கா கொண்டுபோய்விட்டார். எனக்கு இருப்பது அந்த நாற்காலியும், அவர் வைத்த வேலைப் பெயரும், பூஜை அன்று கையில் கார்டைக் கொடுத்துவிட்டு அவர் சொன்ன ஒரு வார்த்தையும்தான். ஒண்டு படுத்தால் மற்றது சொல்லும் என்றீர்கள். எனக்குத் தெரிந்தவரை சொல்லிவிட்டேன், அண்ணே.